வயலிலிருந்து எடுத்த ஆள்

போர் நடந்த நாட்களில், இயக்கம் வீட்டுக்கு ஓர் ஆளைப் படைக்குக் கேட்ட காலம். வவுணதீவிலிருந்து மாமி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வாவியைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாய் குரைத்தாலும் மகளை அறைக்குள் தள்ளிவிடுவார்.

நான் கணினி விளையாட்டில் ராச்சியம் கட்டிக்கொண்டிருந்தேன். எல்லையில் எதிரி நின்றான். வயலில் வேலை செய்யும் ஒருவனைப் படைக்கு மாற்றினால் விளைச்சல் குறையும். மாற்றாவிட்டால் நகரமே போய்விடும். மாற்றினேன்.

பின்னால் நின்ற மாமி கேட்டார், "என்ன மனே செய்றாய்?"

"வயல்ல நிண்ட ஒராளப் படைக்கு எடுத்தன், மாமி."

"அது எந்த வீட்டுப் புள்ள?"

"விளையாட்டுத்தானே மாமி, வீடெல்லாம் இல்ல."

அப்போது வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மாமி மகளின் அறைக்கு ஓடினார்.

வந்தது அப்பாதான். ஆனாலும் அந்த ஆட்டத்தை என்னால் தொடர முடியவில்லை.

இப்போதும் இத்தகைய விளையாட்டுகளை ஆடுகிறேன். படைக்கு ஆள் எடுக்கும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் என் காது வாசலுக்குப் போய்விடுகிறது.