கை மாறாத பயணம்

மூன்று கண்டங்களைக் கடந்த ஒருவர், ஒரு தடவையாவது தானாக எங்காவது போயிருக்கிறார் என்று சொல்ல முடியுமா? அன்ரனெற்றின் அறுபத்துநான்கு வருட வாழ்க்கையைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழும். மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து கொழும்புக்கு மாமா கூட்டிப்போனார். கொழும்பிலிருந்து பாரிசுக்கு ஏஜென்சிக்காரன் கொண்டுபோனான். பாரிசில் அண்ணன் இக்னேசியஸ் பொறுப்பெடுத்து, பதினொரு மாதம் வீட்டில் வைத்திருந்து, மாப்பிள்ளை பார்த்து, ரொறன்ரோவுக்கு விமானம் ஏற்றிவிட்டார். ரொறன்ரோவில் கணவர் கார் ஓட்டினார். அவர் காலமான பிறகு மகன் ஜூலியன் ஓட்டுகிறான். வேலைக்கு ஏற்றிப்போக வான் வாசலுக்கே வந்தது. மில்லிக்கனில் அவருடைய வீட்டிலிருந்து ஸ்ரீல்ஸ் வீதிக் கடைகளுக்கு நடந்துபோகப் பத்து நிமிடம்தான். ஆனால் பாதி வழியில் யாராவது காரை ஓரங்கட்டி, "ஏறுங்கோ அன்ரி, குளிருக்குள்ள ஏன் நடக்கிறியள்?" என்பார்கள். அவரும் ஏறிவிடுவார்.

இவர்களில் ஒருவரும் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தீங்கு செய்தவரை எதிர்த்து நிற்பது எப்படி என்று மனிதர்கள் நிறையவே யோசித்திருக்கிறார்கள். நன்மை செய்கிறவரை எதிர்த்து நிற்பவருக்கு நன்றிகெட்டவர் என்ற ஒரு பெயர்தான் கிடைக்கும்.

இருபத்திரண்டு வருடம் மார்க்கம் நகரில் ஒரு கூரியர் நிறுவனத்தின் வெயர்ஹவுசில் பார்சல் பிரித்தார் அன்ரனெற். ஓய்வு பெற்ற மாதமே, இரவுச் சாப்பாட்டு மேசையில் மகனிடமும் மருமகள் ஷரோனிடமும் சொன்னார்.

"செப்டெம்பரில நான் லூர்து மாதா கோயிலுக்குப் போறன். தனிய."

ஜூலியன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். மென்பொருள் வேலை செய்கிறவன். எந்தப் பயணமும் அவனுக்கு விலை ஒப்பிடும் பயிற்சி. கால் மணித்தியாலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். பாரிஸ் விமான நிலையத்தில் இறங்குவது, நகரத்துக்குள் போவது, ஊரின் மறுபக்கத்திலுள்ள இன்னொரு ரயில் நிலையத்தில் லூர்து ரயில் பிடிப்பது.

"சூப்பர் டீல் அம்மா. இடையில இக்னேசியஸ் மாமா வீட்டில ரெண்டு நாள் நிக்கலாம். மாமா வான் கொண்டு எயார்போட்டுக்கு வருவார் தானே?"

"அது வேண்டாம்."

"ஏன்? ஃப்ரீ ரைட் அம்மா!"

"கை மாறுற இடம் கூடிப்போச்சு."

அவருடைய வேலைத்தலத்தில் ஒரு பெட்டியை ஒருவர் தொட்டு இன்னொருவரிடம் விடுவதை 'ரச்' என்பார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை ரச் என்று மேற்பார்வையாளர்கள் எண்ணுவார்கள். ரச் கூடினால் சேதம் கூடும். புதிதாக வருகிறவர்களுக்கு அன்ரனெற் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்: பெட்டி லொறியில் உடைவதில்லை, லொறி மாற்றும்போதுதான் உடைகிறது.

"நீங்கள் பெட்டி இல்லையே அம்மா," என்றாள் ஷரோன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அடுத்த மூன்று கிழமையும் அவர் பிரான்சைப் படித்தார். கோயில் நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறினார். விமான நிலையத்தின் கீழேயே ஒரு ரயில் நிலையம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து சில அதிவேக ரயில்கள் பாரிசுக்குள் நுழையாமல் நகரத்தைச் சுற்றிக்கொண்டு தென்மேற்கே போர்தோவுக்குப் போகின்றன. போர்தோவில் இறங்கி, அதே நிலையத்தில் வேறு மேடைக்குப் போனால் லூர்து ரயில். தெருவில் கால் வைக்க வேண்டியதில்லை. ஒரேயொரு மாற்றம், அதுவும் ஒரே கூரையின் கீழ்.

அப்படிப்பட்ட நேரடி ரயில்கள் நாளுக்குச் சிலவே. விமானம் பிந்தினால் முதல் ரயில் தவறும் என்பதால் அதற்கு அடுத்ததைத் தேர்ந்தார்.

"மூண்டரை மணித்தியாலம் சும்மா இருக்கோணும் அம்மா. அங்க என்ன செய்வீங்கள்?"

"இருப்பன்."

ஜூலியன் விமானம், ரயில் இரண்டுக்கும் பயணச்சீட்டு வாங்கினான். இருக்கை எண்களைத் தாயே தெரிவுசெய்தார்.

இதைத் துணிச்சல் என்று புகழ அவசரப்பட வேண்டியதில்லை. முழங்கால் தேய்ந்த ஒருவர், உதவிக்கு ஆள் இருக்கிற ஊரைச் சுற்றிக்கொண்டு போவதில் கொஞ்சம் மடமையும் உண்டு. அண்ணனின் மனம் நோகும் என்று தெரிந்தே செய்தார். நல்ல காரியங்களின் பட்டியலில் இதைச் சேர்ப்பதற்கு முன் அதையும் நினைக்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடையே கூடப்பிறந்தவர் இருக்கிற ஊரை அவர் வீட்டில் கை நனைக்காமல் கடப்பது பயணம் ஆகாது. அது ஓர் அறிவிப்பு. காணிப் பிரச்சினையா, சீதனப் பிரச்சினையா என்று கேட்பார்கள். அன்ரனெற்றுக்கும் அண்ணனுக்கும் இடையில் அப்படி ஒன்றும் இல்லை என்பதை யாராலும் நம்ப முடியவில்லை.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் றெபேக்கா, அவரோடு ஒரே வெயர்ஹவுசில் சில வருடம் நின்றவர். செய்தி கேட்டதும் கத்தரிக்காயை நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன நேர்த்திக்கடனடி?"

"ஒண்டும் இல்லை."

"நேர்த்தியில்லாமல் ஆர் லூர்துக்குப் போவினம்? சரி, போற நீ சும்மா போகாத. பாரிசில, லா கூர்நேவில இருக்கிற என்ர மச்சாளுக்கு ரெண்டு கிலோ மிளகாய்த்தூள். உன்ர அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருதான்."

"நான் கூரியர் வேலையில ரிட்டயர் பண்ணியிட்டன், றெபேக்கா."

"ஓகோ! பென்ஷன் வந்தோடன எங்களைத் தெரியேல்லை!"

"தெரியுது. தூளைத்தான் தெரியேல்லை."

றெபேக்கா சிரித்தபடியே தன் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தார். மச்சாள் இக்னேசியசின் மனைவியிடம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜூலியனின் காரில் ஏறும்போதே அன்ரனெற்றின் கைபேசி அடித்தது; அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

இக்னேசியசுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடம் பாரிஸ் உணவகங்களின் சமையலறையில் நின்றவர். பேசாலையிலிருந்து பாரிஸ் வழியாகப் போன எவரும் அவருடைய வீட்டு விறாந்தையில் படுத்து எழும்பியிருப்பார்கள். வானும் வீடும் அவருடைய வாழ்வின் அர்த்தம் என்றால் அது மிகையில்லை.

"என்ன பிள்ளை, பாரிசுக்கு வந்திட்டு வீட்டை வராமல் போறியாம்?"

"நான் பாரிசுக்கு வரேல்லை அண்ணை. எயார்போட்டுக்குத்தான் வாறன்."

"எயார்போட் எங்க கிடக்கு? ஆபிரிக்காவிலயோ?"

"அதுக்குக் கீழயே ரெயின் நிக்குது."

"ரெயினும் மண்ணாங்கட்டியும்! நான் வானில கொண்டுபோய் மாதாவுக்கு முன்னால இறக்குறன். மூண்டு தரம் போன வழி. கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்."

"அதுதான் பயம்," என்றார் அன்ரனெற்.

காருக்குள் ஷரோன் சிரிப்பை அடக்கினாள். மறுமுனையில் சிரிப்பு இல்லை.

"சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சியோ? இக்னேசியஸ்ர தங்கச்சி அவன்ர வாசல்படி மிதிக்காமல் போறாள் எண்டு சொல்லும். நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?"

"ஒரு குறையும் வைக்கேல்லை."

"அப்ப?"

"அப்ப ஒண்டும் இல்லை அண்ணை. நான் போற மாதிரிப் போறன். விடுங்கோ."

கார் வீட்டுக்கு வந்தது. வாசலில் இறங்கும்போது ஜூலியன் மெல்லச் சொன்னான். "மாமா அழுற மாதிரி இருந்தது அம்மா. டிக்கெட்டைச் சேஞ்ச் பண்ணுவமா? ஃபீ பெரிசில்லை."

"நான் இதில விட்டுக்குடுத்தால் இனி எங்கயும் போகமாட்டன்," என்றார் அவர். "கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டுக்கொண்டுதான் இருப்பன். நீ உள்ள போ."

தன் பயணத்தைப் பற்றி அவர் சொன்ன மிக நீளமான விளக்கம் அதுதான்.

செப்டெம்பரில் விமானம் காலையில் பாரிசில் இறங்கியது. அறிவிப்புப் பலகைகளில் ரயில் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒருவரிடமும் வழி கேட்காமல், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். வருகைப் பலகைக்குக் கீழே நீலக் குளிராடையும் கையில் ஒரு துணிப்பையுமாக இக்னேசியஸ் நின்றார். ரயில் விபரத்தை அவர் ஜூலியனிடம் கேட்டு வாங்கியிருந்தார்.

"மூண்டரை மணித்தியாலம் கிடக்கு," என்றார். "வீட்டை போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்."

"வரமாட்டன்."

"ஒரு தேத்தண்ணி."

"இங்கயும் விக்கிறாங்கள்."

இருவரும் ஒரே இருக்கையில் மூன்றரை மணித்தியாலம் இருந்தார்கள். இக்னேசியஸ் நான்கு தரம் எழும்பி, நான்கு தரம் அதையே கேட்டார். கடைசித் தடவை அவருடைய குரல் உயர்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரனெற் தேநீர் வாங்கி வந்து அண்ணனுக்குக் கொடுத்தார். தானும் குடித்தார். பதில் மாறவில்லை.

ரயில் வந்ததும் இக்னேசியஸ் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இதையெண்டாலும் ஏத்திவிடுறன். அதுக்கும் மாட்டன் எண்டு சொல்லாத."

அன்ரனெற் கைப்பிடியை விட்டார்.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரை ரயிலேற்றிவிடுவது என்றால் மேடையில் நின்று கை காட்டுவதல்ல. உள்ளே போக வேண்டும், பெட்டியை மேலே தூக்கி வைக்க வேண்டும், இருக்கையைத் தட்டிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும், சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துத் திறக்கும் முறையையும் சொல்ல வேண்டும். தலைமன்னார் ரயில் அதற்கெல்லாம் நேரம் தந்தது. விசில் ஊதிய பிறகும் ஓடி இறங்கலாம்.

"இடியப்பம் மேல. சம்பல் தனிய கட்டிக் கிடக்கு. மீன் குழம்பு ஒழுகும், நிமித்தி வை. கண்டியோ, நிமித்தி..."

கதவுகள் மூடின. விசில் எதுவும் கேட்கவில்லை. இக்னேசியஸ் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். கண்ணாடியில் தட்டினார். மேடை பின்னால் நகர்ந்தது.

திரும்பி வந்தபோது அவருடைய முகம் வெளிறியிருந்தது. "நான் ஒரு நாளும் உதில ஏறினதில்லை," என்றார். முப்பத்தெட்டு வருடம் அந்த நாட்டில் இருக்கிறார். லூர்துக்கு மூன்று தரம் போயிருக்கிறார், மூன்று தரமும் வானின் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி.

அன்ரனெற் தான் படம் கீறிய நாட்காட்டித் தாளை விரித்துப் பார்த்தார்.

"பத்து நிமிசத்தில ஒரு ஸ்ரேசன் வருது. டிஸ்னிலாண்ட். இறங்கி மற்றப் பக்கத்து மேடையில எயார்போட் ரெயின் எடுக்கலாம். இருங்கோ."

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இக்னேசியஸ் அதன் நுனியில், இறங்கப் போகிறவரைப் போல உட்கார்ந்தார். "எழுவது வயசில என்னை டிஸ்னிலாண்டில இறக்கிவிடுறாய்," என்றார்.

"எழுவத்தொண்டு."

வெளியே அறுவடை முடிந்த வயல்கள் வேகமாகப் போயின. இக்னேசியஸ் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். இரண்டு கைகளும் முழங்காலில் சும்மா கிடந்தன.

பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தபோது இக்னேசியஸ் எழுந்து நின்று பிரெஞ்சில் நடந்ததை விளக்கினார். அடிக்கடி நடப்பதுதான், அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுங்கள், பணம் ஒன்றும் வேண்டாம் என்றார் பரிசோதகர். இக்னேசியஸ் நன்றி சொல்லி, கதவுப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். ரயில் வேகம் குறைந்தது.

அன்ரனெற் கைப்பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்தார். பரிசோதகரின் கையைத் தொட்டு, அண்ணனைக் காட்டி, "போர்தோ," என்றார். பிறகு யோசித்துவிட்டு, "லூர்து," என்றார்.

"என்ன செய்யிறாய் பிள்ளை? என்ர வான் எயார்போட்டில நிக்குது!"

"நிக்கட்டும்."

"மாத்து உடுப்பு இல்லை. மருந்து இல்லை!"

"அங்க கடையும் டொக்டரும் இல்லையோ?"

"மனிசி சமைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

"போன் எடுத்துச் சொல்லுங்கோ."

பரிசோதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்ரனெற் அட்டையை நீட்டியபடியே இருந்தார். பரிசோதகரின் கையிலிருந்த கருவி சத்தம் போட்டுச் சீட்டைத் துப்பியது. நிலையத்தில் கதவுகள் திறந்தன. குழந்தைகளோடு நிறையப் பேர் இறங்கினார்கள். இக்னேசியஸ் கதவையும் தங்கையையும் பார்த்தார். அன்ரனெற் கால்களை ஒதுக்கி, யன்னல் பக்கத்து இருக்கைக்கு வழி விட்டார். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். கதவுகள் மூடின.

அந்தப் பயணச்சீட்டை ஏன் வாங்கினீர்கள் என்று ஜூலியன் இரண்டு தரம் கேட்டிருக்கிறான். றெபேக்கா கத்தரிக்காய் நிறுக்கும்போதெல்லாம் கேட்கிறார். அன்ரனெற் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. இக்னேசியஸ் கேட்கவேயில்லை.