லோடு முடிந்து வந்த நாள் ஊசி

லாரி டிரைவர் செல்வராசு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரெச்சரில் வந்தார். ஓயாத வாந்தி. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. கிட்னியும் தடுமாற ஆரம்பித்திருந்தது.

நாமக்கல்லில் ஒரு சர்க்கரை கிளினிக்கில் நான் நர்ஸ். வாரம் ஒருமுறை போடும் பேனா ஊசியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சாப்பாடு வயிற்றை விட்டு இறங்குவதை மெதுவாக்கும் மருந்து அது; சின்ன டோஸில் தொடங்கி, வயிறு பழகப் பழகத்தான் டாக்டர் ஏற்றுவார். செல்வராசுவுக்கு அப்படி ஏற்றி முடித்து, எடை குறைந்து, சர்க்கரையும் இறங்கியிருந்தது. இடது காலில் ஆறாமல் கிடந்த புண் மூடத் தொடங்கியதும், காலைக் காப்பாற்றிவிட்டோம் என்றே நினைத்தோம்.

அவருக்கு ஊசி போடுவது மனைவி மல்லிகா. கோழிப்பண்ணையில் தடுப்பூசி போட்டுப் பழகிய கை. ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்றேன். அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

ஆனால் அசாம் லோடு ஒன்றரை மாதம் இழுத்துவிட்டது. கேபின் சூட்டில் மருந்து கெட்டுவிடும் என்று பேனா வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருந்தது. அவர் திரும்பிய அன்று வீட்டில் ஆட்டுக்கறி. மறுநாளே அடுத்த லோடு. அதற்குள் ஊசியையும் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்று மல்லிகா பழைய பெரிய டோஸையே போட்டுவிட்டார். இத்தனை வாரம் ஊசி விட்டுப்போன வயிறு அதைத் தாங்காது. டாக்டரைக் கேட்டு, பெரும்பாலும் சின்ன டோஸிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

"ரெண்டாப் போடலீங்க சிஸ்டர். ஒண்ணுதானுங்க போட்டேன்," என்றார் மல்லிகா. அது உண்மைதான். பல வாரம் விட்டுப்போனால் என்ன செய்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கிட்னி தேறியது. ஆனால் ஊசி என்றாலே செல்வராசு எழுந்து போய்விடுவார். டாக்டர் எழுதிய மாத்திரையையும் வழியில் மறந்தார். சர்க்கரை ஏறி, புண் மறுபடி திறந்து, கிளட்ச் மிதிக்கும் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதோடு லாரியும் போனது.

டிரெஸ்ஸிங்குக்கு அவரை மல்லிகாதான் கூட்டி வருகிறார். பண்ணையில் கூசாத கைக்கு அந்தக் கட்டை அவிழ்க்க வருவதில்லை.

"அன்னைக்கு உங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா, இவரு இன்னும் வண்டி ஓட்டீட்டு இருப்பாருங்களா?" என்று ஒருநாள் கேட்டார். நான் குனிந்து அவர் காலின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன்.

இப்போது ஊசியைக் கையில் கொடுக்கும் முன், லோடு முடிந்து எப்போது வீடு திரும்புவார் என்று கேட்கிறேன். லாரிக்காரர் வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள். அது யாருக்குத் தெரியும் என்கிறார்கள். அப்படியானால், வந்ததும் சோறு போடுங்கள், ஊசிக்கு முன்னால் மட்டும் எங்களைக் கூப்பிடுங்கள் என்கிறேன்.