நாலு பேர் படகு

அந்த ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு விளம்பரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மலை மேல் இருக்கிறது, குளிர்கிறது, வாடகைக்குப் படகு விடுகிறார்கள். உங்களுக்கு அது போதும்.

நான் சொல்ல வந்தது என் அப்பா முனியசாமியைப் பற்றி. திருத்தங்கலில் எங்கள் தெருவில் வந்து அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "வெடி விபத்துல கை போச்சே, அவரா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தொரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்திய மனிதர். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வெம்பக்கோட்டை அணையில் மீன் பிடிக்கிறவர்களோடு சுற்றி வளர்ந்ததால் துடுப்புப் போடத் தெரிந்தவர். இந்தக் கரிசல் காட்டில் துடுப்புப் பிடிக்கத் தெரிந்த ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லுங்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாருக்கும் கை போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

தீபாவளி கழிந்ததும் கம்பெனி மூடிவிடும். திரும்பப் பூஜை போட்டுத் திறக்கும் வரைக்கும் எங்கள் ஜனங்களுக்கு வேலை கிடையாது. வருடம் முழுக்க ஊருக்கு வெடி செய்துவிட்டு, மற்றவர்கள் எல்லாம் வெடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு லீவு. அப்போதுதான் தெருவில் ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிப்போம். மற்ற வேன்கள் திருச்செந்தூர் போகும், குற்றாலம் போகும். எங்கள் வேன் அந்த ஏரிக்கு. அப்பா மற்ற எதிலும் வாய் திறக்காதவர், அது ஒன்றில் மட்டும் பிடிவாதம் பிடிப்பார். தூக்குவாளியில் புளியோதரை, பொட்டலம் பொட்டலமாகச் சாத்தூர் சேவு, எலுமிச்சம்பழம். என் தம்பி பாலகுரு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடவை வாந்தி எடுப்பான். எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கித் தங்கை பானுப்பிரியாவின் தலையில் எறிவான். அம்மா மாடத்தி இரண்டு பேரையும் சேர்த்து ஒரே அடியாக அடிப்பாள். எனக்கு அதெல்லாம் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அங்கே இருந்தவை பழைய மரப் படகுகள். வெள்ளைக்காரன் காலத்துப் படகு என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். உண்மையோ பொய்யோ, பார்த்தால் நம்பத் தோன்றும். பச்சைப் பெயிண்ட், அதற்கு மேல் இன்னொரு பச்சைப் பெயிண்ட், தார் வாசனை, உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழு என்று ஆகிப்போன பலகைகள். அப்பாவுக்குப் பதினாலாம் நம்பர் படகுதான் வேண்டும். வேறு படகு காலியாக இருந்தாலும் அது திரும்பி வரும் வரைக்கும் கரையில் காத்திருப்பார். அதன் துடுப்பு கையில் பிசகாமல் உட்காரும் என்பார். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கரையில் வரிசையாக வைப்பார். எங்களையும் கழற்றச் சொல்வார். பிறகு படகு கட்டியிருக்கும் இரும்பு வளையத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தொடுவார். கம்பெனி அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் மின்சாரம் இருந்தால் அதில் இறங்கிவிடும். அந்தப் பழக்கம். பக்கத்துப் படகுக்காரர்கள் இவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது வேறு விஷயத்தில். படகின் மூக்கில் வெள்ளை எழுத்தில் 'ஆறு பேர்' என்று எழுதியிருந்தது. நாங்கள் ஐந்து பேர். ஆனால் அப்பா நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார். நாலு என்றால் நாலு. அப்பா, அம்மா, பாலகுரு, பானுப்பிரியா. மூத்தவள் நான் கரையில் நிற்க வேண்டும், அந்தச் செருப்புகளுக்குக் காவலாக. ஒரு மணி நேர வாடகையில் முக்கால் மணி நேரம் அவர்கள் சுற்றுவார்கள். மிச்சக் கால் மணி நேரம் எனக்கு. நல்லா இருக்கே நியாயம்!

"ஆறு பேர்னு எழுதியிருக்கு பாருங்கப்பா! எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சீகளா?" என்று ஒன்பது வயதில் கரையில் நின்று காலை உதைத்திருக்கிறேன்.

"எழுதியிருக்கும். எல்லா இடத்துலயுந்தான் எழுதியிருக்கு" என்றார் அப்பா.

"அப்பொறம் என்ன?"

"நாலு பேருதாம் செல்வி. அம்புட்டுத்தான்."

வேனில் வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு படகிலும் எட்டு ஒன்பது என்று ஏறிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு போவார்கள். படகுத்துறையில் வேலை பார்த்தவர்கள் அப்பாவுக்கு நாலு பேர்க்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு மானம் போகும். என் முறை வந்து ஏறியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா ஒரு துடுப்பை என் கையில் கொடுத்து, அதன் மேல் தன் கையை வைத்து இழுப்பார். எத்தனை தடவை குளித்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கும் கை அது. தம்பிக்கும் தங்கைக்கும் துடுப்பைத் தொட விட்டதில்லை. எனக்கு மட்டும்தான் கொடுத்தார். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. கால் மணி நேரம்தானே என்கிற கோபத்திலேயே அத்தனை வருடத்தையும் வீணாக்கினேன்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் அவர்கள் வருடா வருடம் போனார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் அது நின்றுபோனது.

தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தது. சீசன் உச்சம். வடக்கே போக வேண்டிய லோடு நிற்கிறது என்று போர்மேன் பக்கத்து அறை ஆட்களையும் கொண்டுவந்து அப்பாவின் அறையில் உட்கார வைத்திருக்கிறார். ஒன்பது பேர். அப்பா தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் வெடித்தது. திரும்ப ஓடி, உள்ளே கையை விட்டு இரண்டு பேரை இழுத்து வெளியே போட்டார். மூன்றாவதாக ஒரு பெண்ணை இழுக்கும்போது கை இரண்டும் வெந்துபோனது. அந்தப் பெண்ணையும் சேர்த்து மூன்று பேர் செத்துப்போனார்கள். மறுநாள் பேப்பரில் 'மருந்து உராய்வு காரணமாக' என்று போட்டார்கள். உராய்வாம்! ஒன்பது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உராயாமல் என்ன செய்யும்?

அப்பாவின் சைக்கிள் கம்பெனி வாசலில் கிடந்தது. அதை எடுத்து வரப் போனவள் உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரை இல்லை. கதவு இல்லை. ஒரே ஒரு சுவர் மட்டும் கரி பிடித்து நின்றது. அதில் பெயிண்டில் எழுதியிருந்தது: 'ஆட்கள் 4 மட்டும்'.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்பா பேச ஆரம்பித்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். "நாலு பேருன்னு சொவத்துல எழுதியிருக்கேப்பா. நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லாமலா இருந்தேன்? ரெண்டு தடவ சொன்னேன். ஒனக்கு முடியாட்டி நாளையில இருந்து வராதன்னாக." கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தார். "நாஞ் சொன்னா நடக்குற எடம் அந்தப் போட்டு ஒண்ணுதாம் செல்வி."

அன்றைக்கு நான் அழவில்லை. அந்தப் போர்மேனை, முதலாளியை, சோதனைக்கு என்று வந்து காப்பி குடித்துவிட்டுப் போன ஆபீசர்களை, பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லியும் தெரியாதவர்களைப் பதவி சொல்லியும் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று திட்டித் தீர்த்தேன். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னார். எட்டு வருடம் ஆகிவிட்டது, என் கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை. குறையவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு அப்பா வெளியே போவதை விட்டுவிட்டார். வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. இடது கை மடங்கும், முழுதாக நீளாது. யாராவது வந்தால் துண்டை எடுத்து மடியில் போட்டுக் கையை மறைத்துக்கொள்வார். இந்தத் தீபாவளிக்கு முந்தின மாதம், எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்த ஏரிக்குப் போய் வந்து சொன்னாள், மரப் படகுகளை எல்லாம் எடுக்கப் போகிறார்களாம், இந்த வருடத்தோடு சரியாம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மறுநாள் என்னிடம் வந்தார்.

"செல்வி, ஒங்கம்மாவ ஒரு தடவ பதினாலாம் நம்பர்ல வச்சுத் தள்ளிட்டு வந்துரணும். கூட்டிட்டுப் போறியா?"

எட்டு வருடத்தில் அவர் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான். அதற்குப் பிறகு தினமும் மொட்டை மாடிக்குப் போய், மாப்புக் குச்சியைக் கைப்பிடிச் சுவரில் முட்டுக் கொடுத்து, கையில் துண்டைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். என் மகள் சினேகா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். முதல் நாள் பதினொன்று. கடைசியில் இருநூறு வரைக்கும் போனார். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அப்போது காலண்டர் சீசன். லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் குதித்தார். நானும் குதித்தேன். லீவு கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கவில்லை.

நாங்கள் நாலு பேர் போய்ச் சேர்ந்தோம். பதினாலாம் நம்பர் கரையில்தான் இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்தவன் அப்பாவின் துண்டைப் பார்த்தான்.

"கையைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

காட்டினார். அவன் உதட்டைப் பிதுக்கினான். "இந்தக் கைக்குத் துடுப்புப் படகு தர மாட்டோம். ரூல்ஸ் இருக்கு. வாத்துப் படகு எடுத்துக்கங்க, காலால மிதிச்சாப் போதும். பாப்பாவுக்கும் பிடிக்கும்."

ரூல்ஸாம்! கேட்டீர்களா? ஒன்பது பேரைப் பிடித்து அடைக்கும்போது தூங்கிக்கொண்டிருந்த ரூல்ஸ், எங்கள் ஆள் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருக்க வந்ததும் முழித்துக்கொள்கிறது.

"அவுகளப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? இருநூறு தடவ இழுக்கிற கைய்யா அது! ஒங் கையால இருபது இழுத்துரு, நான் இப்பமே திரும்பிப் போயிருதேன்!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்பா துண்டைத் திரும்பக் கையில் சுற்றிக்கொண்டார். "வா செல்வி, போவோம். பாத்தாச்சுல்ல, அது போதும்." அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

என் சத்தம் கேட்டுப் படகுத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். தலை முழுக்க நரை. அப்பாவை உற்றுப் பார்த்தார். "ஏ, நாலு பேர்க்காரரு! எங்க போயிட்டீக இத்தன வருசமா?" என்றவர், கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் சங்கிலிமுத்து. அந்தக் காலத்திலேயே படகு அவிழ்த்து விடுகிற வேலை பார்த்தவர். கவுண்டரில் குனிந்து என்னவோ பேசினார். கடைசியில் அவன், படகில் துறை ஆள் ஒருத்தரும் கூடவே உட்காருவதாக இருந்தால் சரி, உங்கள் பொறுப்பு என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். என்னவோ அவன் வீட்டுப் படகு மாதிரி!

அப்பா செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம். ஒட்டிப்போன விரல்களால் இரும்பு வளையத்தைத் தொட்டார். பிறகு நடுப்பலகையில் உட்கார, சினேகா துண்டால் அவர் கையைத் துடுப்போடு சேர்த்துச் சுற்றினாள். அம்மா எதிரில் உட்கார்ந்தாள். பின்னால் சங்கிலிமுத்து. நான் கடைசியாக ஏறி உட்கார்ந்தேன்.

படகு நகரவில்லை.

அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. சங்கிலிமுத்துவோடு ஐந்து பேர்; அவரிடம் போய் இறங்குங்கள் என்று எப்படிச் சொல்வார்? அந்த ஆள் இல்லாவிட்டால் படகே இல்லை. என்னைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்தித் துடுப்பைப் பார்த்தார். போர்மேனுக்கு முன்னாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

நான் எழுந்து கரையில் இறங்கினேன்.

"எதுக்கும்மா எறங்குத? ஏறு!" என்றாள் சினேகா.

"நீங்க மொதல்ல போயிட்டு வாங்கடி. எனக்குக் கடைசிக் கால் மணி நேரம் இருக்குல்ல."

அப்பா நிமிர்ந்தார். "முக்கா மணி நேரத்துல வந்துருதேம் செல்வி" என்றார். துடுப்பு தண்ணீரில் விழுந்தது. முதல் இழுப்பு கோணலாகப் போனது, இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் படகு நேராகிவிட்டது. அம்மா என்னவோ சொன்னாள், அப்பா சிரித்தார். எட்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

செருப்புகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். கவுண்டர்க்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஏங்க, அது ஆறு பேர் படகு. இடம் இருக்கே, நீங்க ஏன் இறங்கிட்டீங்க?"

"நாலு பேருதான் போகணும்."

"அப்படின்னு எங்கே எழுதியிருக்கு?"

"எழுதல. எங்கப்பா சொல்லியிருக்காக" என்றேன்.