ஜப்பான் நாடகத்தில் இல்லாத வட்டம்

மும்தாஜ் அக்கா இறந்த செய்தி வந்தபோது, ஐந்தருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாரல் காலம். குற்றாலத்து விடுதியில் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு நாள் முழுக்க அந்த ஒரே கேள்விதான். போனில் பழைய ஜவுளிக்கடைத் தோழி பேச்சியம்மாள் அழுதாள். "கோமதி, மும்தாஜ் அக்கா மௌத்தாயிட்டாவட்டி. காலைல நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாவளாம், அம்புட்டுதான்." நான் "சரி" என்று வைத்துவிட்டு, நின்றவரிடம் "தண்ணி நல்லா விழுது சார், இப்பவே போயிருங்க" என்றேன். அவர் போன பிறகுதான் சற்றுமுன் யார் பேசியது என்று யோசித்தேன். திரும்பக் கூப்பிட்டு, பேச்சியை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். நன்றாகத் திட்டினாள்.

தென்காசி ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் எங்களோடு நின்றவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பட்டுச்சேலைப் பிரிவில் பதினோரு வருடம் நின்றவர். நின்றவர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. கணவர் துபாயில். வீட்டில் சஃபியா என்று ஒரு மகள். "எடுக்காட்டியும் பரவால்ல, கண்ணால பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியே எடுக்க வைத்துவிடுவார். நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, அவர் விரித்துப் போடுகிற சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருந்தது.

கடைக்குள் போன் கூடாது. காலையில் வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் இருபது நிமிடத்தில் எங்களுக்குப் பொழுதுபோக்கு அக்காவின் வாய்தான். வீட்டு டிவியில் அவர் ஒரு ஜப்பான் நாடகம் பார்த்துவந்தார். ஒரு ஆபீஸ், அங்கே வேலைபார்க்கும் பெண்கள், அவர்களைப் பாடாய்ப் படுத்தும் அதிகாரி. தினம் ஒரு பாகம் பார்த்துவந்து, மறுநாள் எங்களுக்குச் சொல்லுவார். "அதுக பேரெல்லாம் என் வாயில நுழைய மாட்டேங்குட்டி. செல்வின்னு வச்சிக்கிடுங்க. அந்த அதிகாரி கண்ணாடிக்காரன்."

ஒருநாள் இப்படிச் சொன்னார்: "கண்ணாடிக்காரன் செல்வி நாக்காலிக்குப் பின்னால வந்து நிக்கான். ஒண்ணுஞ் சொல்லல. சும்மா நிக்கான். அவ டைப் அடிக்கத நிறுத்தல. தோளு மட்டும் இப்படிப் போவுது." அவர் தன் தோளைக் காதுவரை தூக்கிக் காட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினேழு பேரும் கையை நிறுத்திவிட்டோம். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மாதமாக எங்கள் சூப்பர்வைசர், நான் சரக்கெடுக்கக் குடோனுக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். இடுப்பில் கை படும். "தெரியாமப் பட்டுட்டும்மா" என்பார். தினமும் தெரியாமல் படும். வீட்டில் சொன்னால் வேலையை விடு என்பார்கள். நான் ஏன் விட வேண்டும்? புகார் கொடுக்க ஒரு குழு இருப்பதாகக் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தக் குழுவில் இரண்டாவது பெயர் அந்த மனிதருடையது.

அன்று மாடிப்படியில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பதறவில்லை. "மூஞ்சியப் பாத்தாத் தெரியாதாட்டி? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். பிறகு, "பொறு. நாடகத்துல இன்னும் ஒரு பாகம் கெடக்கு. செல்வி என்ன செய்யுதான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் இடுப்புக்கு வந்த கேட்டுக்கு ஜப்பான்காரியிடமா யோசனை கேட்பது? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கடைசிப் பாகத்தைச் சொன்னார். செல்வி ஒரு புகார் எழுதுகிறாள். கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம். முதலில் போடுகிறவளுக்குத்தானே முதலில் வேலை போகும்? செல்வி தாளின் நடுவில் ஒரு வட்டம் போடுகிறாள். எல்லோரும் அந்த வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள். "எது மொதக் கையெழுத்து, எது கடைசின்னு எவனுக்குத் தெரியும்? கண்ணாடிக்காரன் பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாக்கான். வேர்த்து ஊத்துது அவனுக்கு!" எல்லோரும் கைதட்டினோம்.

அக்கா தன் சாப்பாட்டுச் சம்படத்தின் மூடியைத் துடைத்து, ஒரு வெள்ளைத்தாளில் கவிழ்த்து, நீலப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டார். "ஜப்பான்ல நடந்திருக்கு. இங்கன நடக்காதா?" நான் தயங்கினேன். "பயம் பாட்டுக்கு இருக்கட்டும்ட்டி. அதும் கூட ஒக்காந்துக்கிடட்டும். நீ கையெழுத்தப் போடு." பதினேழு பேரும் போட்டோம். புகாரை நான் எழுதினேன். பி.ஏ. தமிழ் அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. முதலாளியிடம் கொடுத்து, இன்னொரு பிரதி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போகும் என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். முதலாளி தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். "இதுல மொத யாரும்மா போட்டது?" அந்த வாரமே சூப்பர்வைசர் போய்விட்டார். வேறொரு கடையில் சேர்ந்துவிட்டார் என்று கேட்டபோது வயிறு எரிந்தது, அது வேறு. ஆனால் எங்களில் ஒருத்திக்கும் வேலை போகவில்லை. நான் குற்றாலத்துக்கு வந்தது பல வருடம் கழித்து, நானாகத்தான்.

இனிமேல்தான் எனக்குக் குழப்பம். துக்கம் கேட்கப் போன வீட்டில் சஃபியாவிடம் அந்த நாடகத்தின் பெயரைக் கேட்டு வாங்கிவந்தேன். அக்காவோடு சேர்ந்து பார்த்த மாதிரி இருக்குமே என்றுதான். ஒரு வாரம் பார்த்தேன். செல்வி இருந்தாள். கண்ணாடிக்காரன் இருந்தான். அந்தத் தோள், அக்கா தூக்கிக் காட்டிய அதே தோள், இருந்தது. கடைசிப் பாகத்தில் செல்வி தன்னந்தனியாகப் போய்ப் பேசுகிறாள், ஜெயிக்கிறாள், ரயில் நிலையத்தில் பன் தின்றுகொண்டே சிரிக்கிறாள். அழுதுவிட்டேன், நல்ல நாடகம்தான். ஆனால் வட்டம் எங்கே? எதையாவது தாவிவிட்டேனா என்று முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. பேச்சியைக் கேட்டேன். "இருக்கும்ட்டி! மஞ்சத் தாளு! நாங் கண்ணால பாத்தேன்!" என்று சத்தியம் செய்தாள். அவள் வாழ்நாளில் அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை.

சஃபியாவிடம் திரும்பப் போனேன். "உம்மா கடைசிப் பாகம் பாக்கவே இல்லக்கா" என்றாள். "கீழ இங்கிலீசுல எழுத்து வரும், உம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுல்லா. மூஞ்சிகளப் பாத்தே கதையப் புடிச்சிருவாவ. அந்தக் கடைசிப் பாகம் வந்த சமயம் ரெண்டு நாளு டிவியே போடல. பழைய காலண்டர் தாள்ல சம்படத்து மூடிய வச்சு வட்டமாப் போட்டுக்கிட்டு இருந்தாவ. என்ன உம்மான்னு கேட்டேன். பதினேழு பேரு புடிக்குமான்னு பாக்கேன்னு சொன்னாவ."

அதிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா என்னை ஏமாற்றிவிட்டாரா? ஜப்பானில் ஒருமுறை நடந்து ஜெயித்த காரியம் என்று நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டேன். "நானா யோசிச்சேன்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன், மற்றவர்களும் போட்டிருக்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. கோபப்படவும் தோன்றுகிறது, காலில் விழவும் தோன்றுகிறது. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா? சண்டை போடுவதற்காவது நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

சஃபியா அந்த மூடியை எனக்குத் தந்துவிட்டாள். விளிம்பில் நீல மை இன்னும் லேசாக ஒட்டியிருக்கிறது. அதை விடுதி மேசையில் சாவிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்த மூடியும், முடிவு மாறிப்போன ஒரு கதையும்தான்.

நேற்று எங்கள் விடுதியில் துணி துவைக்கும் இசக்கி, என் வயதுக்காரி, துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. தோள் மட்டும் மேலே போயிற்று. அவர் போன பிறகு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு ஜப்பான் நாடகம் பார்த்தேன் என்று ஆரம்பித்தேன். கடைசிப் பாகம் வந்ததும் எந்த முடிவைச் சொல்வது என்று ஒரு நிமிடம் திகைத்தேன். பிறகு வட்டத்தைச் சொன்னேன்.

"சும்மா கதை விடாத. நெசமாவே அப்படிப் போட்டாளுவளா?" என்றாள் இசக்கி.

"நெசமாத்தாம்ட்டி," என்றேன். "நானே போட்டிருக்கேன்."