அறுந்துபோன அரைமணி

அந்த சார்ட் பேப்பர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. புதுப்பட்டினத்தில் எங்கள் சின்ன சபையின் கதவில், பாஸ்டரம்மா நீல ஸ்கெட்ச் பேனாவால் அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டு ஒட்டியிருந்தார். சங்கிலி ஜெபம். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் முழங்கால் போட வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட இடம் காலியாகக் கூடாது. அக்காவுக்காகத்தான் அந்தச் சங்கிலி. ஏற்கெனவே இரண்டு பிரசவத்தில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவதில் ரத்த அழுத்தம் ஏறி, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த முறை தாய்க்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது பத்தொன்பது. எதிலும் முந்திக்கொள்கிற வயசு. மூன்று கட்டங்களில் என் பெயரையே எழுதிவைத்தேன். அக்கா வீட்டுக்காரர், மாமா, அதைப் பார்த்துவிட்டு, "இன்னா, கர்த்தர்கிட்ட ஓவர்டைம் பாக்கறியா?" என்றார். வேன் ஓட்டுகிறவர். அக்காவைக் கட்டிக்கொண்டதால் சபைக்கு வருவார், கடைசியில் உட்காருவார், ஜெபத்தில் கண்ணை மூட மாட்டார். ஞானஸ்நானம் எடுக்காதவர் என்பதால் அவர் பெயரை யாரும் எழுதவில்லை. எழுதலாமே என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் அன்று மதியம் மூன்று மணிக்கு என் முறை. எனக்கு முன்னால் இருந்த ஆன்ட்டி தோளைத் தட்டிவிட்டுப் போனார். முழங்கால் போட்டேன். வார்த்தை வரவில்லை. இந்நேரம் உள்ளே கொண்டுபோயிருப்பார்களா, அம்மா எப்படித் தவிக்கிறாளோ, போன தடவை மாதிரியே ஆகிவிட்டால்? ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எழுந்து கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி எண் அடிக்க அடிக்க எங்கேஜ்டு. விடாமல் அடித்தேன். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் மூன்று இருபது.

அப்போதுதான் உறைத்தது. சங்கிலியை நான் அறுத்துவிட்டேன். அக்காவுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். போன வேகத்திலேயே திரும்பி ஓடினேன்.

சபைப் பாயில் மாமா உட்கார்ந்திருந்தார். முழங்கால் போடவில்லை, சம்மணம். மடியில் துணிப்பை. வார்டில் பழைய பருத்திப் புடவை கேட்டார்கள் என்று, எடுத்துவர அம்மா அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அவர் கிளம்பும்போது அக்காவை இன்னும் உள்ளே கொண்டுபோகவில்லையாம். புடவையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார், இடம் காலி.

அறுத்துவிட்டேன் மாமா என்று அழுதேன். எவ்வளவு நேரம் காலியாகக் கிடந்தது என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் வந்து குந்திகினேன், அவ்ளோதான். எனுக்கு ஜெபம்லாம் வராது. அவ பேர சொன்னேன். அப்பால சும்மா கீறேன்." மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்துவிட்டு, "நாம்ப வுட்டா கர்த்தரும் வுட்டுடுவாராம்மா?" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார், வேதாகமப் போட்டியில் வருஷா வருஷம் பரிசு வாங்குகிற என்னிடம். "வுட மாட்டாரு மாமா" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவர் பக்கத்தில் நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நானும் அக்கா பெயரை மட்டும் சொன்னேன். மிச்ச நேரம் சும்மா இருந்தோம்.

மூன்றரைக்கு அடுத்தவர் வந்ததும் இருவரும் பஸ் ஏறினோம். சேதி எதுவும் தெரியாது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அதுவும் கூடவே வந்தது. ஆனால் கழுத்தைப் பிடிக்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன், அதுவரை யாரிடமும் நான் மணி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா அழுதுகொண்டிருந்தது தூரத்திலேயே தெரிந்தது. எந்த அழுகை என்று தெரியாமல் என் கால் படியிலேயே நின்றுவிட்டது. மாமா நிற்கவில்லை. அதே நடையில் போனார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், அதற்குப் பிறகுதான் சேதி கேட்டார்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்திருந்தார்கள்.

இப்போது செல்போனில் நொடியில் சேதி வந்துவிடுகிறது. யாருக்கு என்ன ஆனாலும் நான் இன்னும் முதலில் சேதியைத்தான் கேட்கிறேன். கையைப் பிடிப்பதெல்லாம் அப்புறம்தான். அது தலைகீழ் என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் தெரிகிறது.