அக்கா தொட்ட ராணி

அந்தச் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. அவளுக்குப் பதினாலு வயது, எனக்குப் பதினொன்று. வீட்டில் நான் அவளை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. தென்காசியில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஜெயிப்பவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். எனக்கு அது ஒரு ரயில் பயணம், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்படியில்லை. மாநிலத்துக்குத் தேர்வானால் மட்டுமே அடுத்த வருஷமும் செஸ், இல்லையென்றால் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பார்க்க வேண்டியதுதான் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் அக்கா வைத்ததுதான் சட்டம். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்ற போட்டி விதி வீட்டிலும் உண்டு. தும்மும்போது விரல் பட்டாலும் விடமாட்டாள். "தொட்டுட்டேல்லா, ஆடுட்டீ" என்பாள். அழுதுகொண்டே ஆடி நான் தோற்ற ஆட்டங்கள் ஏராளம்.

அன்றும் என் குதிரை இரண்டும் சீக்கிரமே போய்விட்டன. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. என் சிப்பாயை வெட்ட அக்கா ராணியிடம் கையைக் கொண்டுபோனாள். விரல் பட்டது. உடனே சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். ராணி எங்கே நகர்ந்தாலும் என் யானை கடைசி வரிசையில் இறங்கி அவள் ராஜாவை மடக்கிவிடும். அதை அவள் அப்போதுதான் பார்த்தாள். நானும்தான்.

கையை உயர்த்தினேன். எத்தனை வருஷத்து ஆத்திரம்!

மற்ற பலகைகளில் ஆட்டம் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். நடுவர் வந்தார்.

"அக்கா ராணியத் தொட்டுட்டா சார், இப்ப ஆட மாட்டேங்கா" என்றேன்.

"நான் பாக்கலையே" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "தொட்டியாம்மா?"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். வெளியே அப்பா நின்றிருந்தார்.

"தொட்டேன் சார்."

ராணியை நகர்த்தினாள். நான் யானையை இறக்கினேன். அவள் கை கொடுத்தாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

அப்பா அன்று எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அருவிக்கரையில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டே, அக்காவை எப்படி மடக்கினேன் என்று நான் விலாவாரியாகச் சொன்னேன். அதன்பின் பல வருஷம், வீட்டுக்கு யார் வந்தாலும் அதே கதைதான். அவளும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பாள், ஒரு திருத்தமும் சொன்னதில்லை. அன்றைக்கு "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள், நான் பொய்க்காரி ஆகியிருப்பேன் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.