பென்னாகரத்தில் ஒரு டிரம் கடல்

பென்னாகரத்தில் வீடுகளுக்கு ஆர்.ஓ. மெஷின் மாட்டிக் கொடுப்பது என் தொழில். போன வருடம், புதுச்சேரியில் பாய்மரப் படகு வைத்திருக்கும் நண்பன் ஜோசப் போன் செய்தான். "அந்தமானுக்குப் போறேன்டா. கடல் தண்ணியக் குடிதண்ணியா மாத்துற மெஷின் ஒண்ணு செஞ்சு குடு" என்றான். சந்தோஷத்தில் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

வண்டி கழுவும் பிரஷர் பம்ப், கடல் நீரின் உப்பை வடிகட்டும் மெம்பரேன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வாசலில் ஒரு டிரம் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து என் மனைவி மலர் கடலைத் தயார் செய்தாள். முதல் ஓட்டத்திலேயே ஹோஸ் வெடித்து இருவரும் உப்பில் குளித்தோம். பொக்லைனுக்குப் போடும் தடித்த ஹோஸை மாட்டி மறுபடி ஓட்டினேன். வந்த தண்ணீர் கரித்தது. பிரஷரை இன்னும் ஏற்ற வேண்டும் என்று தெரிந்தும், மறுபடி வெடிக்குமோ என்று எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"இங்க வெடிச்சா நாம நனையறதோட போச்சு. நடுக்கடல்ல வெடிச்சா ஜோசப் அண்ணன் என்ன பண்ணுவாருங்க? திருகுங்க" என்றாள் மலர்.

வால்வைத் திருகினேன். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போனது. பம்பின் சத்தம் கனத்தது. ஹோஸ் தாங்கியது. மெல்லிய குழாயிலிருந்து நூல் போலத் தண்ணீர் இறங்கியது. மலர் டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்தாள்.

"நம்ம வூட்டு போர் தண்ணிகூட இதவிட உப்புங்க" என்று சிரித்தாள். மிச்சத்தை வாங்கி நான் ஒரே மூச்சில் குடித்தேன்.

ஜோசப் அந்தத் தண்ணீரைக் குடித்தபடியே அந்தமான் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து எந்த மெஷினையும் நான் பொத்திப் பொத்திச் சோதிப்பதில்லை. உடைவதானால் என் கண்ணெதிரிலேயே உடையட்டும்.